சூடானால் கிளம்பாத வண்டி

கார்த்தி,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்ப்பா தார்ப்பாய எடுத்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் "அப்புறம் கூப்புடுறேன்மா" என்கிறாய். திரும்பவும் போனிலேயே ஆரம்பித்தால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பேச்சு வேறு எங்கேயாவது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. வாடிப்பட்டியில் அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும். அதற்கும் முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டி ஒழுங்காகக் கிளம்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

நம் தொழில் உனக்குத் தெரியாததல்ல. இறந்தவரின் உடலை, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை கெடாமல் வைத்திருக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிறோம். கூப்பிட்ட வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கி, கரண்ட் கொடுத்து, எடுத்த பிறகு திருப்பிக் கொண்டுவந்து கழுவி வைக்கிற வேலை. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பெட்டியும் இந்தப் பிக்கப் வண்டியுமாகத் தொடங்கினேன். அப்போதே அது இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டி. ஒருநாள் மழையென்று உன்னை அதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் இறக்கினேன். அதிலிருந்து பையன்கள் உன்னைப் 'பொட்டி' என்று கூப்பிட்டார்கள். நீ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நீ சைக்கிளில்தான் போனாய். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. நீ வெட்கப்பட்டதைத் தப்பென்று நான் ஒருநாளும் நினைத்ததும் இல்லை.

அதனால்தான் பெண் பார்க்கப் போன அன்று நானும் பேசாமல் இருந்தேன். நித்யாவின் அம்மா, "அண்ணே, நீங்க என்ன தொழில் பாக்குறீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நீ முந்திக்கொண்டு, "வாடகைச் சாமான் தொழில் அத்தை" என்றாய். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் என்று அவர் எடுத்துக்கொண்டார். "நல்ல தொழில்ணே, முகூர்த்த நாள்ல ஓய்வே இருக்காது" என்றார். அம்மா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், கல்யாணம் முடிகிறவரை வண்டியின் பக்கவாட்டில் 'ஃப்ரீசர் பெட்டி' என்று எழுதியிருப்பதை மறைத்து வைக்கும்படி கேட்டாய். பெங்களூரிலிருந்து நீ பணம் போட, நான் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கினேன். பெட்டியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன்.

வண்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது பங்குனியில். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும், இழுவையிலும் குறையில்லை. நன்றாகச் சூடான பிறகு அணைத்தால் மட்டும் மறுபடி கிளம்பாது. செல்ஃப் கும்மென்று சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். வேறு வழி தெரியாமல், போன இடத்தில் எஞ்சினை அணைக்காமலே பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். தல்லாகுளத்தில் ஒரு வீடு, குறுகலான தெரு. அம்மாவை இழந்த ஒருவர் உள்ளேயிருந்து வந்து, "அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்கண்ணே, உள்ள ஒண்ணும் கேக்க முடியல" என்றார். எப்படி மாட்டேன் என்பது? அணைத்தேன். பெட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தால் கிளம்பவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மாலையோடு வந்தவர்களெல்லாம் மாலையைத் திண்ணை மேல் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். அந்த மனிதரும் சட்டையில்லாமல் வந்து தோள் கொடுத்தார். துக்க வீட்டு ஆளை வண்டி தள்ள வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லூரில் நம் மெக்கானிக் பாண்டியிடம் கொண்டுபோனேன். பாட்டரி மாற்றினோம். செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சரிபார்த்தோம். டீசல் ஃபில்டர் மாற்றினோம். ஒவ்வொன்றும் மாற்றியதும் சரியாகிவிட்டதுபோல இருக்கும், வெயிலில் ஒரு நீண்ட ஓட்டம் போனால் பழைய கதைதான். பாண்டியைக் குறை சொல்ல முடியாது. நான் கூப்பிட்டு அவன் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறியிருக்கும், அவன் சாவியைத் திருப்பினதும் ஓடும். "அண்ணே, நல்லா இருக்கிற வண்டியில நான் எதைப் பாக்குறது? நிக்கிறப்பப் பாக்கணும்ணே" என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பெட்டியைக் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டார்கள் என்று போன் வந்ததும் போய் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். சரியான உச்சி வெயில். வாடிப்பட்டியை நெருங்கும்போது டீசல் முள் சிவப்புக்குக் கீழே போய்விட்டது. ஊரைத் தாண்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஏனென்றால் அங்கே பங்க்குக்கு நேர் எதிரேதான் நித்யாவின் அம்மா நடத்தும் மாவு மில். ஆனால் நடுரோட்டில் டீசல் தீர்ந்து நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. பங்க்கில் எஞ்சினை அணைக்காமல் டீசல் போட மாட்டார்கள். போட்டு முடித்துச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, அவ்வளவுதான். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான். பங்க் ஆட்கள் தள்ளி, வேப்பமரத்தடியில் ஓரமாக விட்டார்கள். நான் மில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்து வைத்து நின்றேன். எனக்கே சிரிப்பு வருகிற நிலைமைதான், ஆனால் அப்போது சிரிப்பு வரவில்லை.

"என்னண்ணே, இம்புட்டுத் தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராம இங்க நிக்கிறீங்க?" என்று குரல் கேட்டது. நித்யாவின் அம்மா. தலையிலும் புருவத்திலும் மாவு படிந்திருந்தது. கையில் ஒரு சொம்பு மோர்.

"வண்டி மக்கர் பண்ணுது தங்கச்சி. சூடாறுனா கிளம்பிரும். நீங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அவர் போகவில்லை. என்ன செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். "எங்க மில்லுல ஒரு மோட்டார் இப்படித்தான்ணே பண்ணுச்சு. ஓடிக்கிட்டே இருந்து நிக்கும். எலக்ட்ரீசியன் வர்ற நேரம் ஆறிப்போயி நல்லா ஓடும். என்னைத்தான் ஒரு மாதிரியாப் பாப்பான். கடைசியில நின்ன உடனே அவனைப் போன்ல வச்சுக்கிட்டு நானே பார்த்தேன். இப்பச் சூடாத்தான இருக்கு? ஆறவிடாதீங்க. உங்க மெக்கானிக்கைக் கூப்புடுங்க" என்றார். எனக்கு அது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நின்றால் காத்திருப்பது என்று பழகிவிட்டேன்.

பாண்டியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? சுற்றுகிறது. சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? நித்யாவின் அம்மா பின்னால் போய் நின்று பார்த்தார். துளிப் புகை இல்லை. "அப்ப எஞ்சினுக்கு டீசலே போகலண்ணே. பாட்டரியும் இல்ல, செல்ஃப்பும் இல்ல. பம்புக்குப் பக்கத்துல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு உருளை இருக்கும், ஒத்தை ஒயர் போகும். அது சோலனாய்டு. சாவி போட்டா டிக்குன்னு இழுத்து டீசலுக்கு வழி விடும். டிக்குங்குதான்னு பாருங்க" என்றான். பஸ்களின் இரைச்சலில் காதில் எதுவும் விழாது. நான் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டுப் போட்டு எடுத்தேன், அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "அசைவே இல்லண்ணே" என்றார். கையை எடுக்கும்போது மணிக்கட்டு பக்கத்துக் குழாயில் பட்டுச் சுருக்கென்று சுட்டுவிட்டது. நான் பதறி இறங்கினேன். "மில்லுல இது தினமும் உள்ளதுதான்" என்று சேலையில் ஒற்றிக்கொண்டார்.

அந்த ஒயரில் கரண்ட் வருகிறதா என்று அடுத்துப் பார்க்கச் சொன்னான் பாண்டி. வராவிட்டால் ஒயரில் கோளாறு, வந்தால் சோலனாய்டில் கோளாறு. அவரே மில்லுக்குப் போய், மூலையில் கிடந்த பழைய மொபெட்டின் பல்பைக் கழற்றி இரண்டு ஒயரைச் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு முனை வண்டியின் இரும்பில், ஒரு முனை அந்த ஒயரில். சாவியைப் போட்டதும் பல்ப் எரிந்தது. பாண்டி போனிலேயே, "மாட்டிக்கிச்சு" என்றான். கரண்ட் வருகிறது, உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விட்டுப்போகிறது, அதனால் இழுக்கவில்லை. "தண்ணிய ஊத்திறாதீங்க, கொதிக்கிற எஞ்சின் வெடிச்சுப்போகும். ஈரத் துணியப் பிழிஞ்சு அது மேல மட்டும் வைங்க" என்றான். சாக்குத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து வைத்தோம். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் மாற்றினோம். மோரை அப்போதுதான் குடித்தேன். நாலாவதோ ஐந்தாவதோ முறை சாவியைப் போட்டபோது அவர், "அடிச்சிருச்சுண்ணே, டிக்குன்னுச்சு" என்றார். செல்ஃப் அடித்தேன். வண்டி ஓடியது. எஞ்சின் தொட முடியாத சூட்டில் இருக்கும்போதே ஓடியது.

கார்த்தி, இங்கேதான் உன் கேள்வி வருகிறது. நான் சீட்டில் இருக்கிறேன். வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று, சுட்ட கையை ஊதிக்கொண்டே, சந்தோஷமாகக் கேட்டார்: "பின்னால என்ன லோடுண்ணே, பந்தல் சாமானா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கியரைப் போட்டால் போயிருக்கலாம். உன் முகம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அந்த அம்மாள் எனக்காக எஞ்சினுக்குள் கையை விட்டு நின்றிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எனக்கு ஆமாம் சொல்ல வரவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தேன். தார்ப்பாயை மடக்கி ஓரமாகத் தள்ளினேன். பக்கவாட்டு எழுத்தை அவர் படித்தார், பெட்டியைப் பார்த்தார். கண்ணாடி மேல் முந்தின வீட்டு மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் தங்கச்சி என் தொழில். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

ஒட்டியிருந்த பூவை அவர் விரலால் எடுத்துப் போட்டார். பிறகு, "அவரு போனப்ப இதே மாதிரிப் பெட்டியிலதான் வச்சிருந்தோம். கொண்டாந்த ஆளு யாரு, எப்படி இருந்தாருன்னு நான் பாக்கவே இல்ல" என்றார், தன் கணவரைப் பற்றி. "தொழில்ல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. யாராவது செய்யத்தான வேணும். வாடகைச் சாமான்னு சொன்னீங்களே, மூணு பேரும் எங்க வீட்டுல உக்காந்து. அதான். எம்பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போனப்புறம் இன்னும் எதை எதை இப்படிச் சொல்வீங்க?" நான் தார்ப்பாயைச் சுருட்டிப் பெட்டியோரம் வைத்தேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொம்பை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு தடவைகூட அண்ணே என்று சொல்லவில்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் உணர்ந்தேன். அன்றைக்கு மாலை நித்யா உன்னைக் கூப்பிட்டாள். நீ என்னைக் கூப்பிட்டாய்.

மறுநாள் வண்டியைச் செல்லூர் கொண்டுபோனேன். பாண்டி உடனே புதிதை மாட்டவில்லை. ஒரு தடவை ஈரத் துணியில் கிளம்பியதை வைத்து நம்பிவிடக்கூடாது, இது தற்செயலாகவும் இருக்கலாம் என்றான். திருமங்கலம் வரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, வேண்டுமென்றே நிற்க வைத்தோம். அதேபோல் பல்ப் எரிந்தது, டிக் இல்லை, துணி வைத்ததும் வந்தது. அதன் பிறகுதான் கழற்றினான். பம்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய தகரத் தடுப்பே இல்லை என்பதையும் கண்டுபிடித்தான். முன்னாலேயே யாரோ ரிப்பேருக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்த அனல் நேராக அடித்துத்தான் சோலனாய்டு கெட்டிருக்கிறது. ஒரு தகரத்தை வெட்டித் தடுப்பும் போட்டுக் கொடுத்தான். வண்டி சரியாகிவிட்டது. வீட்டில்தான் ஒன்றும் சரியாகவில்லை. உன் அம்மா வாடிப்பட்டிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வேண்டாம் என்றேன். யோசிக்கிறேன் என்று சொன்னவரை அவசரப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

நேற்றுக் காலை அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. அம்மா பூஜை அறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். கல்யாணப் பேச்சு இல்லை. "அண்ணே, எங்க மில்லுல மாவு அரைக்கிற பெரியவரு தவறிட்டாரு. மக சூரத்துல இருந்து வரணும். பெட்டி வேணும்ணே. வாரீங்களா?" என்றார். உடனே கிளம்பினேன். தார்ப்பாய் போடவில்லை. மில்லுக்குப் பின் தெரு, ஓட்டு வீடு. வாசலில் பத்து இருபது பேர் நின்றார்கள். நான் வண்டியை அணைத்தேன். பெட்டியை இறக்க இரண்டு பையன்கள் வந்தார்கள். மறுபக்கத்தை நித்யாவின் அம்மாவே பிடித்தார். ஒருத்தர், "யாருக்கா இது, மதுரை ஆளா?" என்று கேட்டார். "எங்க சம்பந்தி" என்றார் அவர். கேட்டவர் என்னையும் வண்டியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்று பெட்டிக்குக் கை கொடுத்தார். நித்யா உள்ளே இருந்து ஒயரை நீட்டிப் பிளக்கில் செருகினாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் அவ்வளவு தூரம் ஓடிய வண்டி, முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

கிளம்பும்போது அவர் கதவருகே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொண்ணுகிட்டப் பேசிட்டேண்ணே. அவளுக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை மேலதான் கோவம். அவருக்காக நீங்க தார்ப்பாய அவுத்துக் காட்டுனா எப்படி? அவரை வரச் சொல்லுங்க. சனிக்கிழமை தனியா வரட்டும். எங்க வீட்டுல உக்காந்து அவரு வாயால சொல்லட்டும்." நான் சொல்கிறேன் என்றேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடி. நானும் அம்மாவும் உன்னோடு வரமாட்டோம். அங்கே என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நித்யா கோபமாக ஏதாவது கேட்டால் அவள் கேட்டு முடிக்கும்வரை நடுவில் பேசாதே. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய். சொன்னால் அவளுக்கு உன்னைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை ஒரு சாக்காகச் சொல்லாதே.

வண்டியைத் திருப்பும்போது அவர் கண்ணாடியில் தட்டி இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. "கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்ணே. ஆனா சொல்ல வேண்டியதச் சொன்ன பெறகுதான் இலை போடுவேன்."

பசியோடு போ.

அப்பா